கீழிருந்து ஏறும் கடல்: துவாலுவில் ஒரு வாரம்

முதல் நாள் – சூவா, ஃபிஜி

பசிபிக் பெருங்கடலின் பவளத்தீவு நாடான துவாலுவுக்குப் போக வேண்டுமானால் முதலில் ஃபிஜியின் தலைநகரான சூவாவுக்கு வர வேண்டும். பக்கத்து ஊரான நௌசோரியிலிருந்து வாரத்தில் சில நாட்கள் மட்டும் ஒரு சிறிய விமானம் அங்கே போகிறது. என் பயணம் நாளை காலை. இன்று விடிந்ததிலிருந்து மழை ஓயவில்லை.

ஏன் அங்கே போகிறேன் என்று வீட்டில் கேட்டார்கள். ராமநாதபுரம் மாவட்டக் கடலோரக் கிராமங்களில் இருபத்தாறு ஆண்டுகள் குடிநீர்ப் பணி பார்த்தவன் நான். துவாலுவைப் பற்றி வரும் செய்திகள் அனைத்தும் அதை ‘மூழ்கும் நாடு’ என்றே எழுதுகின்றன. நிலம் மூழ்குவதற்கு வெகுகாலம் முன்பே கிணறு உப்பாகிவிடும் என்பது என் தொழில் எனக்குக் கற்றுத்தந்த பாடம். அப்படி உப்பாகிவிட்ட பிறகும் மனிதர்கள் ஓர் ஊரில் எப்படிக் காலூன்றி நிற்கிறார்கள் என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக இருந்தது.

சந்தையில் கத்திரிக்காய் விற்றுக்கொண்டிருந்த ஒரு பாட்டி என் பேச்சைக் கேட்டதும் “வா தம்பி” என்றார். அவருடைய பாட்டனார் வட ஆற்காட்டிலிருந்து கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறியவர். சென்னைத் துறைமுகத்திலிருந்து 1903 முதல் 1916 வரை அப்படி வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இங்கே பல்லாயிரம் பேர். பாட்டிக்குத் தமிழில் பத்து இருபது சொற்களே மிச்சம். மற்றதெல்லாம் ஃபிஜி இந்திதான். அவருடைய மகள் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார். துவாலுக்காரர்களும் தங்களுக்கு அயலார் அல்லர் என்றும், வடக்கே கியோவா என்ற தீவில் ஒரு துவாலு ஊரே இருக்கிறது என்றும் பாட்டி சொன்னார். உண்மைதான். துவாலுவின் வைடுப்பு தீவு மக்கள், போர்க்காலத்தில் அமெரிக்கப் படைக்கு வேலை செய்து சேர்த்த பணத்தைக் கொண்டு 1946-இல் அந்தத் தீவை விலைக்கு வாங்கினார்கள். கடல்மட்டம் என்ற பேச்சே எழாத காலத்தில், தங்கள் நிலம் சிறிது என்பதை உணர்ந்து அவர்கள் செய்த ஏற்பாடு அது.

மாலையில் தென் பசிபிக் பல்கலைக்கழக வளாகத்தில் சிறிது நேரம் நடந்தேன். இதே பல்கலைக்கழகத்தின் வனுவாட்டு வளாகத்தில் சட்டம் படித்த மாணவர்கள் 2019-இல் கிளப்பிய கோரிக்கைதான், 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபையின் தீர்மானமாகி, 2025 ஜூலை 23 அன்று பன்னாட்டு நீதிமன்றத்தின் ஆலோசனைக் கருத்தாக வெளிவந்தது. தட்பவெப்பநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்றும், கடமை தவறினால் அதற்குரிய பொறுப்பை ஏற்க வேண்டும் என்றும் அந்நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஒரு வகுப்பறையில் பிறந்த எண்ணம் ஆறே ஆண்டுகளில் ஹேக் நகரில் உள்ள அந்த நீதிமன்றம் வரை போய்ச் சேர்ந்ததை நினைக்கும்போது எனக்கு உடல் சிலிர்த்தது.

இரண்டாம் நாள் – ஃபுனாஃபுட்டி

இரண்டரை மணி நேரம் வெறும் நீலம். அதன்பின் கடல் நடுவே ஃபுனாஃபுட்டி என்ற வெளிர்பச்சைப் பவள வளையம் தெரிந்தது. அந்த வளையத்தின் கிழக்கு விளிம்பில், கோணலாக வைத்த வில்லைப் போல ஒரு நிலத்துண்டு. அதுதான் ஃபோங்கஃபாலே, தலைநகரமும் அரசும் மக்களும் கூடியிருக்கும் தீவு. நீளம் சுமார் 12 கிலோமீட்டர். அகலமான இடத்தில் 400 மீட்டர், குறுகிய இடத்தில் சாலையும் இருபுறமும் சிறிது கல்லும் மட்டுமே. ஒரு பக்கம் பசிபிக் பெருங்கடல், மறுபக்கம் காயல். நாட்டின் ஒன்பது தீவுகளையும் சேர்த்தால் நிலப்பரப்பு 26 சதுர கிலோமீட்டர். மக்கள் பத்தாயிரத்துச் சொச்சம். அவர்களில் ஆறாயிரம் பேருக்கு மேல் இந்த ஒரு வளையத்தில் வாழ்கிறார்கள்.

விமானம் இறங்கும் முன் தீயணைப்பு வண்டி சங்கொலி எழுப்பிக்கொண்டு ஓடுதளத்தின் வழியே போகிறது. ஓடுதளத்தைக் கடந்து போகிறவர்களும், குறுக்கே நிற்கும் நாய்களும் அதைக் கேட்டு விலகிக்கொள்கிறார்கள். விமானம் போன பிறகு அதுவே ஊரின் திடல். வெயில் தாழ்ந்ததும் இளைஞர்கள் ரக்பி ஆடினார்கள், பெண்கள் கைப்பந்து ஆடினார்கள், வயதானவர்கள் பாயை விரித்துக் காற்று வாங்கினார்கள். இவ்வளவு அகலமான வெற்றிடம் இந்தத் தீவில் வேறெங்கும் இல்லை.

இந்த ஓடுதளத்துக்கு ஒரு வரலாறு உண்டு. தண்ணீரைப் பற்றி எழுத வந்தவன் அதை விட்டுவிடக் கூடாது. ஜப்பானியரோடு நடந்த போருக்காக 1942-இல் வந்திறங்கிய அமெரிக்கப் படையினர், தீவையே தோண்டி எடுத்த முருகைக்கல்லை, அதாவது பவளக்கல்லை, கொட்டித்தான் இதை அமைத்தார்கள். தோண்டிய பள்ளங்கள் அப்படியே கிடந்தன. உப்பு நீரும் குப்பையும் பன்றித் தொழுவக் கழிவும் நிறைந்த அந்தக் குழிகளின் ஓரத்தில், வேறு இடமில்லாமல், எழுபது ஆண்டுகள் மக்கள் குடியிருந்தார்கள். 2015-இல் நியூசிலாந்து உதவியுடன் காயல் மணலை அள்ளி அவற்றை நிரப்பினார்கள். குழிகளை மூடியதாலேயே இந்தத் தீவில் பயன்படக்கூடிய நிலம் எட்டு விழுக்காடு கூடியதாம். யாருடைய போருக்காகவோ தோண்டிய பள்ளம் ஒரு தலைநகரத் தீவின் நிலத்தில் இவ்வளவு பங்கை விழுங்கியிருந்தது என்பதை மனம் ஏற்க மறுக்கிறது.

மூன்றாம் நாள் – தண்ணீர்

நான் தங்கியிருக்கும் விடுதியை ஓர் அம்மையார் தம் மகனோடு சேர்ந்து நடத்துகிறார். காலையில் குளிக்கப் போகும் முன்பே, வாளிக் கணக்கைச் சொல்லிவிட்டார். கூரையிலிருந்து தகரத் தாழ்வாரம் வழியாக மழைநீர் பச்சை நிறப் பிளாஸ்டிக் தொட்டிக்குப் போகிறது. தாழ்வாரத்தின் ஒரு மூலை துருவேறி உடைந்திருக்கிறது. அந்த இடத்தில் ஒரு வாளியை வைத்திருக்கிறார்கள். இந்த ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது கூரையை, அடுத்து தாழ்வாரத்தை, அதற்கடுத்துத் தொட்டியைத்தான். பழைய தொழிலின் பழக்கம்.

தனுஷ்கோடியில் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் மணலைக் கையால் பறித்து நல்ல தண்ணீர் எடுப்பதைப் பலர் பார்த்திருக்கலாம். மழைநீர் மணலுக்குள் இறங்கி, தன்னைவிடக் கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்பதால் அது கிடைக்கிறது. பவளத்தீவுகளிலும் இதே கதைதான். கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், அதைத் தாங்கக் கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் தேங்கியிருக்கும் என்பது கணக்கு. இதில் ஒரு பயங்கரமும் ஒளிந்திருக்கிறது. மேலே ஓர் அடி குறைந்தால் கீழே நாற்பது அடி போய்விடும். தீவு எவ்வளவு அகலமோ அவ்வளவுக்குத்தான் அந்த நன்னீர் நிலைக்கும். ஃபோங்கஃபாலே குறுகலானது, அதன் கல் முழுவதும் துளை, கழிப்பறைத் தொட்டிகளும் பன்றித் தொழுவங்களும் அதே கல்லுக்குள்தான் கசிகின்றன. ஆகவே இங்கே நிலத்தடி நீரை யாரும் குடிப்பதில்லை. வானத்தை நம்பியே வாழ்கிறார்கள்.

வானம் கஞ்சத்தனம் செய்வதில்லை. ஆண்டுக்குச் சுமார் 3,500 மில்லிமீட்டர் மழை, எங்கள் மாவட்டத்தில் பெய்வதைப்போல் நான்கு மடங்கு. ஆனால் அதைத் தேக்கிவைக்க ஏரி இல்லை, குளம் இல்லை, ஊருணி இல்லை, இருப்பதெல்லாம் தொட்டிகள்தான். தொடர்ந்து சில மாதங்கள் பொய்த்துவிட்டால் அவ்வளவுதான். 2011-இல் அப்படித்தான் நடந்தது. பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடக் குளிரும் லா நீனா காரணமாக மழை விலகிப்போய், அரசு நெருக்கடி நிலையை அறிவித்தது. ஒரு வீட்டுக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர், அதாவது இரண்டு வாளி, என்று அளந்து கொடுத்தார்கள். நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரங்களை விமானத்தில் கொண்டுவந்து இறக்கின. அந்த நாட்களைப் பற்றிக் கேட்டபோது, பிள்ளைகளைக் காயலில் குளிப்பாட்டிவிட்டு ஒரு குவளை நன்னீரால் தலையை மட்டும் அலசிவிட்டதை அம்மையார் கையால் அபிநயித்துக் காட்டினார்.

பிற்பகலில் அவருடைய உறவினர் ஒருவரின் புலாக்கா குழிக்கு அழைத்துப்போனார். புலாக்கா நம் சேம்பின் பெரிய உறவு. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, யானைக்காது போன்ற இலை விரிக்கும். முருகைக்கல்லை ஆழமாகத் தோண்டி, அடியில் அந்த மிதக்கும் நன்னீரைத் தொட்டதும் நிறுத்தி, அந்தச் சேற்றில் இதை நடுவார்கள். ஒவ்வொரு கிழங்கையும் சுற்றித் தாழை ஓலையால் கூடைபோல் வேலி முடைந்து, அதற்குள் மக்கிய இலையும் சருகும் நிரப்பி உரமாக்குவார்கள். மண்ணே இல்லாத தீவில் கையால் மண் செய்யும் கலை இது. தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் காத்துவந்த குழிகள் இவை.

நான் பார்த்த குழியில் பத்துச் செடிகள் இருந்தன. அவற்றில் நான்கின் இலை விளிம்பு தீய்ந்து, பழுப்பு நிறத்தில் சுருண்டிருந்தது. அம்மையாரின் உறவினர் குழிக்குள் இறங்கி, விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, என்னையும் பார்க்கச் சொன்னார். முழு உப்பு இல்லை. எங்கள் பக்கத்தில் சப்பைத் தண்ணீர் என்போமே, அந்தச் சுவை. மாட்டுக்கு வைக்கலாம், செடிக்கு ஆகாது. அவருடைய அப்பா காலத்தில் இந்தக் குழியில் கிழங்கு தோண்ட இரண்டு ஆள் வேண்டுமாம். இப்போது வீட்டில் உலை வைப்பது கப்பலில் வரும் அரிசியை. தொட்டுக்கொள்வது டின் மீனை. சர்க்கரை நோய் இங்கே ஏன் இவ்வளவு பெருகிவிட்டது என்பதற்கான விடையில் ஒரு பகுதி அந்தக் குழிக்குள் இருக்கிறது.

நான்காம் நாள் – ஓதம்

இரண்டு நாள் முன்பு அமாவாசை. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வரும் அமாவாசை, பௌர்ணமி ஓதம், அதாவது கடலேற்றம்தான் ஆண்டிலேயே பெரியது. அதற்காகவே இந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்தேன். அலை கரையைத் தாண்டி ஊருக்குள் பாயும் என்று எதிர்பார்த்து, மாலையில் பெருங்கடல் பக்கம் போய் நின்றேன். அலை கல்லணைக்குக் கீழேயே உடைந்துகொண்டிருந்தது. அப்போது அம்மையாரின் மகன் இருசக்கர வண்டியில் வந்து, தவறான இடத்தில் நிற்கிறீர்கள் என்று சொல்லி என்னைத் தீவின் நடுவுக்கு அழைத்துப்போனார்.

ஓடுதளத்துக்கு அப்பால் தாழ்ந்த ஒரு புல்வெளி. முதலில் புல்லின் அடி நனைந்திருப்பது போலத் தெரிந்தது. குனிந்து பார்த்தேன். ஒரு நண்டு வளையிலிருந்து சிறு சிறு குமிழ்கள் எழும்பின. அதன் பின்னே நீர் வந்தது, பளிங்குபோல் தெளிந்த நீர், ஓசையே இல்லாமல். ஒரு சாண் தள்ளி இன்னொரு துளை, பிறகு இன்னொன்று. கால் மணி நேரத்தில் நான் நின்ற இடத்தில் நீர் கணுக்காலைத் தொட்டது. வெயில் காய்ந்த கல்லின் சூடு அதில் இருந்தது. விரலால் தொட்டுச் சுவைத்தேன். நேற்றைய சப்பைச் சுவை இல்லை. சுத்தமான கடல்.

எந்த மதிலும் இதைத் தடுக்காது. கரையைச் சுற்றிலும் எவ்வளவு உயரத்துக்குச் சுவர் எழுப்பினாலும் கடல் சல்லடைக் கல் வழியாக அடியிலிருந்து ஏறி வரும். பக்கத்து வீட்டுப் பெண் குளிர்பதனப் பெட்டியின் கீழே செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார்; அதில் பதற்றமில்லை, மாதாந்திர வேலை போன்ற ஒழுங்கு இருந்தது. தொழுவத்துப் பன்றிகளை மேட்டுக்கு ஓட்டினார்கள். பிள்ளைகள் அந்த நீரில் விழுந்து புரண்டார்கள். தொழுவத்தையும் கழிவுத் தொட்டியையும் தொட்டு வந்த நீர் அது என்பதால் தாய்மார்கள் அவர்களை அதட்டி விரட்டினார்கள்.

இந்த வெள்ளத்துக்கு இரண்டு வேர்கள் உண்டு. இரண்டையும் சொல்வதே நேர்மை. பவளத்தீவுகள் எப்படி உருவாயின என்ற டார்வினின் கருத்தைச் சோதிக்க, 1896 முதல் 1898 வரை லண்டன் ராயல் சொசைட்டி இந்தத் தீவில் துளையிட்டது. அந்தக் குழுவினர் வரைந்த வரைபடத்தில், தீவின் நடுப்பகுதி சதுப்பாகவும் அலையாத்திக் காடாகவும் காட்டப்பட்டிருக்கிறது. அன்றைய மக்கள் காயலோரத்து மேட்டில் மட்டுமே வீடு கட்டினார்கள். போரில் சதுப்பு மூடப்பட்டது. 1978 அக்டோபர் 1 அன்று விடுதலை பெற்ற பிறகு வெளித்தீவுகளிலிருந்து வேலை தேடி வந்தவர்களுக்கு மிஞ்சியது அந்தத் தாழ்நிலம்தான். ஆகவே இன்று ஓதம் ஏறும் பல இடங்கள் அன்றும் தண்ணீர் நின்ற இடங்களே. இதைச் சொன்னதும் சிலர், அப்படியானால் கடல்மட்டம் காரணமில்லை என்று முடித்துவிடுவார்கள். அது பெரிய தவறு. கடந்த முப்பது ஆண்டுகளில் இங்கே கடல் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டதாக நாசா அறிஞர்கள் 2023-இல் கணக்கிட்டார்கள். ஓர் அங்குலமும் ஒரு பொருட்டாக இருக்கும் ஊரில் அது ஆறு அங்குலம். 2050 வாக்கில் நாட்டின் பெரும்பகுதி இன்றைய உயர் ஓத மட்டத்துக்குக் கீழே இருக்கும் என்பதும் அவர்களுடைய மதிப்பீடு. தாழ்ந்த இடத்தில் குடியேறியது இவர்களின் நெருக்கடி. அந்தத் தாழ்ந்த இடத்துக்குக் கடலை ஏற்றிவிட்டது யாருடைய புகைபோக்கிகள் என்பதை உலகம் அறியும்.

இரவு எட்டரை மணிக்கு நீர் வந்த வழியே இறங்கிவிட்டது. மகன் மழைநீரில் ஒரு குவளை மட்டும் எடுத்து, தம் வண்டியின் சங்கிலியையும் பிரேக்கையும் கழுவினார்.

ஐந்தாம் நாள் – புது நிலம்

காயலோரத்தில், அரசு அலுவலகங்களுக்கு அருகே, 780 மீட்டர் நீளமும் 100 மீட்டர் அகலமும் உள்ள ஒரு மணல் மேடை நீண்டு கிடக்கிறது. பசுமைத் தட்பவெப்ப நிதியத்தின் 3.6 கோடி டாலர் உதவியோடு 2017-இல் தொடங்கிய கடலோரத் திட்டத்தின் பகுதி இது. மணல் கொட்டும் வேலை 2023-இல் முடிந்தது. காயலின் அடியிலிருந்து மணலை உறிஞ்சி எடுத்துக் கொட்டியிருக்கிறார்கள். இந்த நூற்றாண்டு கடந்தும் கடல்மட்டத்துக்கு மேலே நிற்கும் உயரத்தில் அமைத்திருக்கிறார்கள். அதன் மேல் ஏறி நின்றபோதுதான், பழைய ஊர் எவ்வளவு தாழ்ந்து கிடக்கிறது என்பது எனக்குக் கண்ணில் பட்டது. ஓர் ஆள் உயரத்துக்கு மேட்டில் நிற்பது எப்படி இருக்கும் என்பதையே இந்தச் சில நாட்களில் மறந்துவிட்டிருந்தேன்!

அரசு இதோடு நிற்கவில்லை. ‘டே லஃபிகா’, அதாவது புகலிடம், என்ற பெயரில் 3.6 சதுர கிலோமீட்டர் உயர்ந்த நிலத்தைப் புதிதாக உருவாக்கி, மக்களைப் படிப்படியாக அங்கே குடியேற்றும் திட்டத்தை 2022-இல் அறிவித்திருக்கிறது. இருக்கும் ஃபுனாஃபுட்டியின் நிலத்தைவிட அது பெரிது.

இந்த இடத்தில் ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். 2018-இல் வெளிவந்தபோது பெரும் சர்ச்சையைக் கிளப்பிய ஆய்வு அது. 1971 முதல் 2014 வரையிலான வான்படங்களை ஒப்பிட்டு, துவாலுவின் 101 தீவுத்துண்டுகளில் முக்கால்வாசி பெருத்திருப்பதாகவும், மொத்த நிலம் 2.9 விழுக்காடு கூடியிருப்பதாகவும் அது காட்டியது. மூழ்குகிறோம் என்று சொல்லும் நாடு வளர்ந்திருக்கிறதா என்று பலர் ஏளனம் செய்தார்கள். ஆனால் பவளத்தீவின் இயல்பு அறிந்தவருக்கு இதில் வியப்பில்லை. இது கடலும் பவளமும் சேர்ந்து கொட்டிய குவியல். 1972 அக்டோபரில் பேபே புயல் இந்த ஊரைத் துவம்சம் செய்தபோது, ஒரே இரவில் சுமார் 19 கிலோமீட்டர் நீளத்துக்குப் பவளக் கற்களைக் கரையில் மலைபோல் குவித்துவிட்டுப் போனது. அந்தக் கற்கள்தான் பின்னர் அலையால் சிதறிக் கரையைப் பெருக்கின. பவளம் உயிரோடு இருக்கும்வரை அது மணலையும் கல்லையும் தந்துகொண்டே இருக்கும். கடல்நீர் சூடேறிப் பவளம் வெளுத்துச் செத்தால் அந்தக் கொடை நின்றுவிடும்.

என் கேள்வி வேறு. நிலம் வளர்ந்தாலும் அதன் அடியில் உள்ள நன்னீர் வளர்ந்ததா? குழியில் புலாக்கா விளைந்ததா? பரப்பளவை மட்டும் அளந்து ஒரு நாடு நலமாக இருக்கிறது என்று சொல்வது, கண்மாயின் கரை நீளத்தை அளந்து தண்ணீர் இருக்கிறது என்று சொல்வதற்குச் சமம். புது மேடையைப் பற்றியும் இதே கவலை எனக்கு இருக்கிறது. வீடு கட்டலாம், மருத்துவமனை கட்டலாம். அது மிகப் பெரிய விஷயம்தான். ஆனால் அங்கே குடியேறுகிறவர்களும் கூரைத் தண்ணீரையே நம்ப வேண்டும்; மழை பொய்த்தால் டீசலை எரித்துக் கடல்நீரைக் குடிநீராக்க வேண்டும். மேடையின் திட்டத்தில் கூரைக்கும் தொட்டிக்கும் முதல் இடம் தர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

ஆறாம் நாள் – காயலின் மேற்கே

படகில் காயலைக் கடந்து, 1996 முதல் பாதுகாக்கப்படும் மேற்குப் பகுதிக்குப் போனோம். 33 சதுர கிலோமீட்டர். ஆறு குட்டித் தீவுகள். மீன் பிடிக்கத் தடை. பெரிய கிளிமீன்கள் கூட்டமாகப் பவளத்தைக் கொறித்துக்கொண்டிருந்தன. அவை மென்று கழிக்கும் பவளத்துகள்தான் இந்தத் தீவுகளின் மணலில் ஒரு பங்கு என்று படகோட்டி சொன்னார். அது அறிவியல் கூறும் உண்மையும்கூட. மீனைக் காப்பது நிலத்தைக் காப்பதாகவும் இருப்பதை இவ்வளவு நேரடியாக நான் வேறெங்கும் கண்டதில்லை. திரும்பும் வழியில் டெபுக்கா சவிலிவிலி என்ற குட்டித் தீவு இருந்த இடத்தைக் காட்டினார். புயல்கள் அதன் மரத்தையும் மணலையும் வழித்துச் சென்றுவிட்டன. இப்போது நீருக்கு மேல் வெறும் கல் தெரிகிறது.

இந்த நாட்டின் பிழைப்பே மீன்தான். நிலம் 26 சதுர கிலோமீட்டர் என்றாலும், இதற்கு உரிய கடல் 7 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். அதில் சூரை மீன் பிடிக்க வரும் வெளிநாட்டுக் கப்பல்கள் கட்டும் உரிமத் தொகையே அரசு வருவாயில் பெரும்பங்கு. முன்பு அடிமாட்டு விலைக்கு விட்டுக்கொண்டிருந்த இந்த உரிமையை, எட்டுத் தீவு நாடுகள் சேர்ந்து, கப்பலொன்றுக்கு நாள் கணக்கில் விற்கத் தொடங்கிய பிறகு நிலைமை மாறியது. இதற்கு அடுத்தது இணைய முகவரிகளின் இறுதியில் வரும் ‘டிவி’ என்ற இரண்டு எழுத்து. அதன் உரிமம் ஆண்டுதோறும் பணம் தருகிறது. 1987-இல் தொடங்கிய அறக்கட்டளை நிதியும் இருக்கிறது. கையில் கிடைத்ததைச் சிதறவிடாமல் சேர்த்துவைக்கும் குணம் இந்த அரசிடம் இருக்கிறது. ஆனால் கடல் சூடேறினால் சூரைக்கூட்டம் கிழக்கே, எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத பெருங்கடலுக்கு நகர்ந்துவிடும் என்று ஆய்வாளர்கள் எச்சரிக்கிறார்கள். அப்போது இந்த நாட்கணக்கை யாரிடம் விற்பது?

ஏழாம் நாள் – வடக்கு முனை

சாலை முடியும் இடத்தில் குப்பை மேடு. கப்பலில் வருபவற்றில் பெரும்பாலானவை திரும்பிப் போவதில்லை: கார், குளிர்பதனப் பெட்டி, டப்பா, பேட்டரி எல்லாம் இங்கேதான் ஓய்வெடுக்கின்றன. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 முதல் தடை இருக்கிறது. வீட்டுக் கழிவைப் பிரித்து உரமாக்குகிறார்கள். ஊருக்குள் பல கூரைகளில் சூரியத் தகடுகள் மின்னுகின்றன. 2030-க்குள் மின்சாரம் முழுவதையும் புதுப்பிக்கத்தக்க வழியில் பெறுவது இலக்கு. ஆனாலும் இன்றிரவு என் அறை விளக்கு எரிவது டீசலால்தான். தூரத்தில் இயந்திரம் முனகுவது கேட்கிறது.

எட்டாம் நாள் – புறப்பாடு

இரவு நெடுநேரம் அம்மையாரின் மகனோடு பேசிக்கொண்டிருந்தேன். வயது முப்பது இருக்கும். ஆஸ்திரேலியாவும் துவாலுவும் 2023 நவம்பரில் கையெழுத்திட்ட ஃபலெபிலி ஒப்பந்தம் 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஆண்டுதோறும் 280 துவாலு மக்கள் அங்கே நிரந்தரமாகக் குடியேறலாம். விரும்பும்போது திரும்பி வரலாம். 2025 ஜூன், ஜூலையில் நடந்த முதல் குலுக்கலுக்குக் குடும்பத்தினரையும் சேர்த்து 8,750 பேர் பெயர் கொடுத்தார்கள். நாட்டில் ஐந்தில் நான்கு பேர்.

அந்த எண்ணைப் பார்த்து, எல்லோரும் ஓடிப்போகத் தயாராகிவிட்டார்கள் என்று உலகச் செய்திகள் எழுதின. இவரும் பெயர் கொடுத்தவர்தான். ஏன் என்று கேட்டேன். மகளுக்குப் பள்ளி, அம்மாவுக்கு மருத்துவமனை, தமக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது என்ற நிம்மதி. இவ்வளவும் சொல்லிவிட்டு, கதவு திறந்திருப்பதால் வீட்டை விட்டுப் போக வேண்டும் என்று யார் சொன்னது என்று என்னைத் திருப்பிக் கேட்டார். ஃபலெபிலி என்றால் நல்ல அயலாராக இருப்பது என்று பொருள். ஆனால் அதே ஒப்பந்தத்தில், பிற நாடுகளோடு பாதுகாப்பு உடன்பாடு செய்ய வேண்டுமானால் ஆஸ்திரேலியாவின் இசைவு வேண்டும் என்றும் இருக்கிறது. நிலக்கரியை ஏற்றுமதி செய்துகொண்டே அடைக்கலமும் தரும் அயலார் என்று இங்கே சிலர் மனம் புழுங்குகிறார்கள். அந்தப் புழுக்கம் நியாயமானது என்றே எனக்கும் படுகிறது.

நிலம் போனாலும் நாடு போகாது என்பதைத் துவாலு 2023-இல் தன் அரசியல் சாசனத்திலேயே எழுதிக்கொண்டது. ஒரு முறை அமைந்த நாடு, அதன் கூறுகளில் ஒன்று மறைந்துவிட்டாலேயே நாடு என்ற தகுதியை இழந்துவிடுவதில்லை என்று பன்னாட்டு நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. இதை அம்மையாரிடம் சொன்னேன். அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தாத்தாவின் சமாதி வாசலில் இருக்கிறது, அதை எந்தச் சாசனத்தில் எடுத்துப் போவது என்றார். இங்கே இறந்தவர்களை வீட்டு முற்றத்திலேயே அடக்கம் செய்கிறார்கள். நான் ஒரு வாரமாகச் செருப்பைக் கழற்றி வைத்த திண்ணைக்குப் பக்கத்தில்தான் அந்தச் சமாதி இருந்திருக்கிறது. பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

இன்று காலை பெட்டியைக் கட்டி வெளியே வந்தபோது, மகன் ஏணியில் நின்று உடைந்த தாழ்வாரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். சென்ற வாரக் கப்பலில் வந்த புதுத் தகரம் கீழே சாத்தியிருந்தது. நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். தொட்டியின் பக்கமாகச் சாய்வு போதாது என்று எனக்குப் பட்டதால் அரை அங்குலம் இறக்கச் சொன்னேன். அவர் கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டு, ஆணியை மாற்றி அடித்தார். மேற்கே காயலுக்கு மேல் மேகம் கறுத்திருந்தது. கடைசி ஆணி அடிக்கும்போது ஓடுதளத்தில் சங்கொலி கேட்டது. நீங்கள் கிளம்புங்கள், மழைக்கு முன் முடித்துவிடுவேன் என்றார்.